அதே பெயர், வேறு ஃபோல்டர்

(கும்பகோணத்தில் கணினி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவர்களே, வணக்கம்.

உங்களில் ஒருவர் வீட்டு நெல் கணக்கை லினக்ஸில் 'குறுவை' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலில் அதற்குள் நிற்கிறார். பக்கத்து ஜன்னலில் தம்பி, போன வருஷக் கணக்கு எதற்கு என்று அந்த ஃபோல்டரை அழித்து, அதே இடத்தில் அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கி, இந்த வருஷக் கோப்புகளைப் போட்டுவிடுகிறான்.

இப்போது முதல் டெர்மினலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் ஒன்றும் வராது. பிழைச் செய்திகூட வராது. நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் பிடபிள்யூடி அடித்தால் பழைய பாதையே வரும். சரி, ஒரு கோப்பை உருவாக்கிப் பார்ப்போம் என்று டச் கொடுத்தால், 'அப்படி ஒரு கோப்போ கோப்பகமோ இல்லை' என்கிறது. பக்கத்து ஜன்னலிலோ எல்லாம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பலர் பயப்படுவது இங்கேதான்.

ஒன்றும் போகவில்லை. நாம் வயலை 'மேலச்செய்' என்று பெயர் சொல்லி அழைத்தாலும், பட்டாவில் இருப்பது புல எண்தான். இயங்குதளத்தின் மையமான கர்னலும் அப்படித்தான். பெயர், உள்ளே நுழையும்போது தேடிக் கண்டுபிடிக்க மட்டும். நுழைந்தபின் பிராசஸ், அதாவது ஓடும் நிரல், பிடித்திருப்பது ஐநோடை. ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஓர் எண்ணோடு இருக்கும் பதிவு அது. பெயர் போனாலும், யாராவது பிடித்திருக்கும்வரை அது இருக்கும். தம்பி உருவாக்கியது வேறு ஐநோடு. பழையதற்குள் இனி எதையும் உருவாக்கக் கர்னல் விடாது. பிடபிள்யூடி காட்டியது, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் தன் நினைவில் வைத்திருந்த பாதை. ஓடும் பிராசஸ்களின் விவரத்தைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில், அந்த ஷெல் பிராசஸ் நிற்கும் இடத்தைக் காட்டும் சிடபிள்யூடி இணைப்பைப் பாருங்கள். பாதைக்குப் பின்னால் 'டெலீட்டட்' என்றே எழுதியிருக்கும். முழுப் பாதையையும் கொடுத்து, ஃபோல்டர் மாறும் கட்டளையான சிடி அடித்தால் புதிய ஃபோல்டருக்கு வந்துவிடுவீர்கள்.

இந்த ஏற்பாடு சரியானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் சொல்லாமல் கொள்ளாமல் புது ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால், பாதிக் கணக்கு அதிலும் பாதி இதிலும் விழும். எனக்கு வருத்தம் எல்எஸ்ஸின் மௌனத்தில்தான். கர்னல் 'இல்லை' என்றுதான் சொல்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிகளான போசிக்ஸின்படி, நிரலுக்கும் கர்னலுக்கும் நடுவில் நிற்கும் சி நூலகம் அதைப் 'பட்டியல் முடிந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. அழிந்த ஃபோல்டரும் காலி ஃபோல்டரும் நம் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன.

விண்டோஸில், ஒரு நிரல் நிற்கும் ஃபோல்டரைப் பொதுவாக அழிக்கவே முடியாது. வேறொரு நிரல் பயன்படுத்துகிறது என்று மறுத்துவிடும். நிரலைத் தனி அறையில் வைப்பதுபோல ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் இணைத்த ஃபோல்டரை வெளியே அழித்து மறுபடி உருவாக்கினால், உள்ளே இருப்பது அழிந்த பழைய ஃபோல்டர்தான். கன்டெய்னரை மறுபடி தொடங்க வேண்டும்.

அப்புறம், ஐநோடு எண் நிரந்தரம் இல்லை. எல்லோரும் விட்டதும் அதே எண் வேறொரு கோப்புக்குப் போகலாம். அதனால், நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர், கோப்புக்குத் தான் தரும் அடையாளத்தில் ஐநோடு எண்ணோடு தலைமுறை எண் ஒன்றையும் சேர்த்துவிடுகிறது. எண் ஒன்றாக இருந்து தலைமுறை மாறியிருந்தால், 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' (அடையாளம் காலாவதியானது) என்று திருப்பி அனுப்பிவிடும்.