பூச்சிகளிடம் போன வாத்தியார்

அவையோருக்கு வணக்கம்.

ஓய்வு பெற்ற ஓர் அறிவியல் ஆசிரியரை நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். உடனே எனக்குத் தோன்றிய பெயர் ழான் ஆன்றி ஃபாப்ர். 1823இல் தென் பிரான்சில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1915இல் 91 வயதில் மறைந்தவர். பூச்சிகளைப் பற்றி எழுதியவர் என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால் அவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் பள்ளிக்கூட வாத்தியார். பூச்சி ஆராய்ச்சியே அந்த வாத்தியார் வேலையிலிருந்து முளைத்ததுதான்.

கார்ப்பான்த்ரா ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. நில அளவைப் பாடத்தை வகுப்பறைக்குள் நடத்த அவருக்கு மனம் வரவில்லை. சங்கிலி, குறிக்கம்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பையன்களோடு கூழாங்கல் பொட்டலுக்குப் போவார். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. கம்பு நடப் போன பையன் பாதி வழியில் நிற்கிறான், குனிகிறான், எதையோ தேடுகிறான். இன்னொருவன் கல்லைப் புரட்டுகிறான். என்னவென்று பார்த்தால், கற்களின் மேல் மண்ணால் கூடு கட்டும் ஒரு வகைத் தேனீ. பையன்கள் கூட்டை உடைத்து, வைக்கோல் துரும்பால் தேனை எடுத்துச் சுவைத்துக்கொண்டிருந்தார்கள்!

பாடத்தைக் கெடுத்தார்கள் என்று அவர் அடிக்கவில்லை. தானும் உட்கார்ந்து அந்தத் தேனைச் சுவைத்தார். அந்தத் தேனீ யார், எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பூச்சியியல் புத்தகம் வாங்கினார். மாணவனின் கவனம் சிதறுகிற இடத்துக்கே ஆசிரியரும் போய்ப் பார்த்தார் பாருங்கள், அதைத்தான் அவருடைய மற்ற எல்லாச் சாதனைக்கும் மேலே நான் வைப்பேன்.

அப்புறம் கோர்சிகாத் தீவில் இயற்பியல் ஆசிரியர். பிறகு தென் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் நீண்ட காலம். கணிதமும் வேதியியலும் பெரும்பாலும் தானே படித்துக் கற்றவை. மஞ்சிட்டி வேரிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுக்கும் முறையைப் பல ஆண்டு உழைத்துச் செம்மைப்படுத்தினார். அந்தச் சாயத்தைச் செயற்கையாகவே தயாரிக்க ஜெர்மானியர்கள் கண்டுபிடித்துவிட, அந்த வருமானக் கனவு கலைந்தது. காளான்களை நூற்றுக்கணக்கில் நீர்வண்ணத்தில் வரைந்தார். தென் பிரான்சின் வட்டார மொழியான தன் தாய்மொழியில் கவிதை எழுதினார். ஹார்மோனியத்தில் மெட்டுப் போட்டார்.

வேலை போனதற்கும் பாடம்தான் காரணம். மாலை வகுப்புக்கு வந்த இளம்பெண்களுக்குப் பூவில் மகரந்தம் சேர்ந்து காய் உண்டாவதை விளக்கினார். அது ஒழுக்கக்கேடு என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். அப்போது கைகொடுத்தவர் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். இருவரும் சேர்ந்து செடி சேகரித்த நண்பர்கள். மில் கடனாகக் கொடுத்த 3000 பிராங்கைப் பின்னர் ஃபாப்ர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாடநூல்கள் எழுதியே குடும்பத்தை நடத்தினார்.

1879இல், ஐம்பத்தைந்து வயது தாண்டிய நிலையில், கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு தரிசு நிலத்தை வாங்கிக் குடியேறினார். பூச்சிகளைப் பற்றிய பத்துத் தொகுதிகளில் முதலாவது அந்த ஆண்டுதான் வெளிவந்தது. கடைசித் தொகுதி வந்தபோது வயது 83. டார்வின் மதித்த அந்தக் கண்கள் பரிணாமக் கொள்கையை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. அதில் அவர் பிழைபட்டார் என்றே சொல்ல வேண்டும். இருவருக்கும் இடையே மரியாதை மட்டும் குறையவில்லை.

அவர் சோதனைகளில் எனக்குப் பிடித்த ஒன்று. பெண் அந்துப்பூச்சி ஒன்றைக் கூண்டில் வைத்தார். இருட்டில் ஆண் பூச்சிகள் டஜன் கணக்கில் வீடு தேடி வந்தன. எப்படி? நாப்தலின் போன்ற கடும் நெடிப் பொருள்களைச் சுற்றிலும் வைத்தார், அப்போதும் வந்தன. இன்னொரு வகை அந்துப்பூச்சியில், பெண்ணைக் கண்ணாடிக்குள் மூடினால், ஆண்கள் அதை விட்டுவிட்டு, முன்பு அது உட்கார்ந்திருந்த இடத்தை மொய்த்தன. நம் மூக்குக்கு எட்டாத ஏதோ ஒன்று அங்கே ஒட்டியிருக்கிறது என்று புரிந்தது. அது என்ன பொருள் என்று அவரால் பிரித்துக் காட்ட முடியவில்லை. 1959இல் ஜெர்மன் வேதியியலாளர் புட்டெனான்ட், லட்சக்கணக்கான பட்டுப்பூச்சிகளிலிருந்து அப்படிப்பட்ட ஒரு பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். ஃபாப்ர் மறைந்து அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.