வருசப்பிறப்பன்று உலக்கையின் நிழல் எங்கே போனது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். இன்று ஏப்ரல் 14, வருசப்பிறப்பு. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் இதை வெயிலில் நின்றுதான் காட்ட முடியும்.

இது நான் செய்த சூரியக் கடிகாரம். பலகையை விடுங்கள், அதன்மேல் சாய்ந்திருக்கும் இந்தத் தகட்டைப் பாருங்கள். நிழலை விழுத்துவது இதுதான். கிரேக்கர் இதற்கு வைத்த பெயர் நோமன், 'அறிபவர்' என்று பொருள். என்ன அழகான பெயர்! தச்சரின் 'ட' வடிவ மூலைமட்டத்தையும் அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு புளியங்கொட்டையை வைத்து, அதன் ஓரமாக மூலைமட்ட வடிவில் 3, அப்புறம் 5, அப்புறம் 7 என்று அடுக்கிப் பாருங்கள். 4, 9, 16 என்று சதுரம் வளரும். அந்த மூலைமட்ட அடுக்குக்கும் கணிதத்தில் நோமன் என்றுதான் பெயர்.

நமக்கும் இது புதிதில்லை. நெடுநல்வாடையில் அரண்மனைக்குக் கயிறு பிடிக்கும் முன், இரண்டு கோல் நட்டு நண்பகல் நிழல் பார்க்கிறார்கள்.

சரி, தகட்டுக்கு வருவோம். முதலில் இணையத்தில் கிடைத்த லண்டன் அளவில் வெட்டினேன். 30 சென்ரிமீற்றர் அடிக்கு 38 உயரம். நேரம் ஒத்தே வரவில்லை. தகட்டின் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக வடக்கு நோக்கி இருக்க வேண்டும், அதாவது ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை சாய்வு. கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 9.4 பாகை. அதே 30க்கு 5 சென்ரிமீற்றர் உயரம் போதும். இதோ, படுத்துக் கிடப்பது போல இருக்கிறது. வன்னியின் நோமன் இப்படித்தான் இருக்கும்.

இப்போது அம்மம்மாவின் உலக்கையைப் பாருங்கள். தூக்குக்குண்டு பிடித்து நேராக நிமிர்த்தியிருக்கிறேன். இன்று எங்களுக்குச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். ஆனால் சரியாக 12 மணிக்கு இல்லை. இலங்கை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது, நாங்கள் அதற்கு இரண்டு பாகை மேற்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆகவே எங்களுக்கு உச்சி 12.08 தாண்டித்தான்.

12.06. பூணுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நிழல் இன்னும் இருக்கிறது. மெல்ல ஒடுங்குகிறது... 12.08... பாருங்கள், பூணைச் சுற்றி வெறும் வெளிச்சம்!

இனி ஓகஸ்ட் கடைசி வரை இந்த முற்றத்தில் மத்தியான நிழல் தெற்குப் பக்கம்தான் விழும்.