போகிறவர்கள் தங்க வேண்டும்

(கிருஷ்ணகிரியில் பங்கு இளையோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பெற்றோரே, எலத்தகிரியிலிருந்தும் கோவிலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொண்டு வேலைக்குப் போகலாமா என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போகலாம். ஆனால் ஒரு வருடமாவது தங்க முடிந்தால் மட்டும் போங்கள். இரண்டு வாரம், ஒரு மாதம் என்று போய்வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் அப்படிப் போய் இருந்தது கம்போடியாவின் வடமேற்கில், பட்டம்பாங் மாகாணத்தில் ஒரு கிராமம். தாய்லாந்தை ஒட்டிய மாகாணம் அது. அப்பா அம்மா இருவரும் எல்லை தாண்டிக் கூலி வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர். பென்னாகரம், அரூர் பக்கம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே நிலைதான். பெரியவர்கள் வருவதும் போவதும் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். பாட்டு சொல்லிக்கொடுத்து, மிட்டாய் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு பதினைந்தாம் நாள் விமானம் ஏறும் இன்னொரு அக்கா அவர்களுக்கு வேண்டாம். அவர் போனதும் அடுத்தவர் வருவார், மறுபடியும் ஏ, பி, சி-யில் தொடங்குவார். வருடம் முழுக்க முதல் பாடமே நடந்துகொண்டிருக்கும்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். விடிவதற்கு முன்பே சேவல் எழுப்பிவிடும். ஜெபம், அப்புறம் சந்தை. காலையில் அரிசிக் கஞ்சி. அங்கே அதைப் பொபோர் என்பார்கள், கருவாடு தொட்டுக்கொள்வார்கள். அரசுப் பள்ளிகளில் பல பிள்ளைகளுக்கு அரை நாள்தான் வகுப்பு, காலையிலோ மதியத்திலோ. அதனால் மீதி அரை நாளில் என்னிடம் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, பெரியவர்களுக்குச் சாயங்காலம் ஒரு வகுப்பு. மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முழங்கால் வரை சேற்றோடு வந்து, செருப்பை வாசலில் விட்டு, கைகூப்பிவிட்டு உட்காரும் பிள்ளையிடம் “இன்று நான் தயார் செய்யவில்லை” என்று சொல்ல மனம் வராது. இரவு மறுநாள் பாடத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்குவேன். சித்திரை பிறக்கும் நேரத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, அந்த நாட்களில் ஊரே தண்ணீரும் மாவும் பூசி விளையாடும், வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். எங்கேயும் மாங்காயும் மிளகாய் உப்பும் கிடைக்கும். கிருஷ்ணகிரிக்காரிக்கு அது பெரிய ஆறுதல்!

தங்கினால்தான் சில விஷயங்கள் பிடிபடும். நாம் ஆசீர்வாதமாகப் பிள்ளைகளின் தலையில் கை வைப்போம். அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. பாடத்திலும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பழக்கம், அதனால் ஆங்கில வாக்கியத்தின் வரிசை தடுமாறும். கம்போடியர்கள் பேசும் கெமர் மொழியில் வரிசை ஆங்கிலத்தைப் போலவே இருக்கிறது. ஆனால் அங்கே வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. நேற்றும் ‘கோ’தான், நாளையும் ‘கோ’தான். சொல்லின் கடைசி ‘ஸ்’ ஒலியும் நாக்கில் நிற்காது, ‘ரைஸ்’ என்பது ‘ரை’ என்று வரும். இது தெரியாதவர் நம் ஊர் இலக்கணப் புத்தகத்தை அப்படியே கொண்டுபோய் நடத்தினால் பிள்ளைகளுக்கு வராத தொல்லைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். நானும் மாலையில் அவர்களிடம் கெமர் எழுத்துப் பழகினேன். பல்லவர் எழுத்திலிருந்து பிறந்த எழுத்து அது. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழை இலக்கணம் எழுதும் அளவுக்குக் கற்றவர். நாம் ஒரு ஊருக்குப் போனால் சந்தையில் பேசும் அளவுக்காவது கற்க வேண்டாமா?

அந்த நாட்டின் கதையையும் படித்துவிட்டுப் போங்கள். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் நோம் பென்னைப் பிடித்தது. 1979 ஜனவரி வரை நீடித்த அந்த ஆட்சியில் பள்ளிகளை மூடினார்கள், படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். நோம் பென் பேராலயத்தை இடித்தார்கள். கெமர் இனத்தின் முதல் கத்தோலிக்க ஆயரான ஜோசப் ச்மார் சாலாஸ் கட்டாய உழைப்பில் நலிந்து 1977-இல் இறந்தார். என் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிகள் பலர் பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் மண் சுமந்தவர்கள். பேரன் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“வகுப்பில் சுவிசேஷம் சொன்னாயா?” என்று ஊருக்கு வந்ததும் கேட்டார்கள். இல்லை. அங்கே பெரும்பாலோர் பௌத்தர்கள். ஆங்கிலம் படிக்க அனுப்பிய பிள்ளைக்கு ஆங்கிலம்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பாட்டிகளுக்கு வேண்டும். பாடத்தைத் தூண்டில் இரையாக்கினால் நாம் கொண்டுபோகும் அன்பின் மேலேயே சந்தேகம் விழும். ஞாயிறு திருப்பலிக்குப் போவேன், எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் சொல்வேன். திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் கொரிந்து நகரில் அக்கிலாவோடும் பிரிஸ்கில்லாவோடும் கூடாரம் செய்து பிழைத்தார். அங்கே ஓராண்டு ஆறு மாதம் தங்கினார் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. பவுலுக்கே அவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

வீட்டில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது என்றால் போகாதீர்கள். அம்மா அப்பாவைக் காப்பாற்றுவதும் இறைப்பணிதான். அனுப்பும் அமைப்பிடம் விசா, மருத்துவக் காப்பீடு, டெங்கு வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் திரும்பிய பிறகு வகுப்பை யார் எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். என் வகுப்பை இப்போது நடத்துவது அதே கிராமத்துப் பெண், முதலில் மாணவியாக வந்தவள். இறந்த காலத்தை நான் படம் போட்டுப் போராடி விளக்குவேன். அவள் கெமரிலேயே ஐந்து நிமிடத்தில் புரிய வைத்துவிடுகிறாள். அவள் அங்கேயே இருக்கப்போகிறவள்.

சரி, பாஸ்போர்ட் எடுக்கும் முன் இங்கே ஒரு வேலை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பங்கு வளாகத்தில் ஆங்கில வகுப்பு தொடங்குகிறோம், எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். ஒரு கல்வியாண்டு முழுக்க விடாமல் வரக்கூடியவர்கள் நாளை திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். பாதியில் தேர்வு, திருமணம் என்று நிற்க வேண்டியிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், உங்களோடு இன்னொருவரைச் சேர்த்துவிடலாம்.