உறுமலை விடப் பேச்சு பயங்கரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேச வந்திருக்கும் நான் வானொலிக் குரலைப் பற்றியே ஒரு செய்தியோடு தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய காடுகளும் சிங்கங்கள் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியானா ஸானெட்டும் குழுவினரும் அங்கே 21 நீர்நிலைகளின் ஓரம் கேமராவையும் ஒலிபெருக்கியையும் ஒன்றாகப் பொருத்தி வைத்தார்கள். வறண்ட பருவம். எந்த மிருகமானாலும் தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும். கிட்டே வந்ததும் கருவி தானாக விழித்துக்கொண்டு ஏதாவது ஓர் ஒலியைப் போடும்: சிங்கத்தின் உறுமல், நாய்க் குரைப்பு, துப்பாக்கி வெடி, பறவைச் சத்தம், அப்புறம் மனிதப் பேச்சு.

அந்தப் பேச்சு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருந்து எடுத்தது. சோங்கா, வட சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் என்று அந்தப் பகுதி மொழிகளில் சாதாரணமாகப் பேசுகிற குரல்கள். அதட்டலோ கூச்சலோ கிடையாது. சிங்கத்துக்கும் காடு அதிரும் கர்ஜனையை விட்டுவிட்டு, தங்களுக்குள் உறுமிக்கொள்ளும் சத்தத்தையே போட்டார்கள். இரண்டு தரப்பும் 'பேசிக்கொள்கிற' அளவில் இருந்தால்தானே ஒப்பிட முடியும்?

முடிவு 2023இல் வெளியானது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, சிறுத்தை, கழுதைப்புலி, காண்டாமிருகம் என்று 19 வகை விலங்குகள் கேமராவில் சிக்கின. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே சிங்கத்தை விட மனிதக் குரலுக்குத்தான் அதிகம் மிரண்டன. ஓடுவதற்கான வாய்ப்பு இரண்டு மடங்கு; தண்ணீரை விட்டு விலகிய வேகம் 40 சதவீதம் கூடுதல். துப்பாக்கிச் சத்தம்கூட நம் பேச்சுக்கு ஈடாகவில்லை. யானை கதை இன்னும் வேடிக்கை. ஓர் இரவு சிங்க உறுமலைக் கேட்டு ஆத்திரப்பட்ட யானை ஒன்று பாய்ந்து வந்து கருவியையே நொறுக்கிவிட்டது. மனிதக் குரல் கேட்டால் யானைகள் சண்டைக்கு நிற்பதில்லை, ஓடிவிடுகின்றன.

ஏன் இப்படி? சிங்கம் பெரும்பாலும் கைக்கு எட்டியதைப் பிடிக்கும்: குட்டி, கிழடு, நோயாளி. நாம் குறிவைப்பதோ நன்றாக வளர்ந்த, குட்டி போடுகிற பருவத்து விலங்குகளை. அதுவும் தூரத்திலிருந்து. வளர்ந்த இரையை மற்ற வேட்டையாடிகளைப் போல 14 மடங்கு வரை மனிதர்கள் கொல்கிறார்கள் என்று கிறிஸ் டாரிமாண்ட் குழு 2015இல் கணக்குக் காட்டியது. இதில் மீன்பிடிப்புக்குத்தான் பெரும் பங்கு. ஆனாலும் கரையில் நம் கை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

கென்யாவின் அம்போசெலியில் நடந்த ஆய்வுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கேரன் மெக்கோம்ப் குழுவினர் "அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது" என்ற ஒரே வாக்கியத்தை மசாய் மொழியிலும் கம்பா மொழியிலும் பதிந்து யானைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மசாய்கள் மாடு மேய்ப்பவர்கள். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் யானையோடு மோதல் வரும், ஈட்டி பாயும். கம்பாக்கள் பெரும்பாலும் உழவர்கள். மசாய் ஆணின் குரல் வந்ததும் யானைகள் நெருக்கியடித்து நின்றன, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தன, பின்வாங்கின. கம்பா ஆணின் குரலுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. மசாய்ப் பெண்கள், சிறுவர்கள் குரலுக்கும் அப்படியே. மொழி தெரிகிறது, ஆண் பெண் தெரிகிறது, வயதும் தெரிகிறது. இதை வெறும் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மைப் பற்றி அவை வைத்திருக்கும் குறிப்பேடு என்று சொல்லலாம்.

சரி, இந்தப் பயத்தால் யாருக்காவது லாபம் உண்டா? காண்டாமிருகத்துக்கு இருக்கலாம். க்ரூகரில் கொம்புக்காக அவற்றைச் சுட்டுக் கொல்லும் கள்ள வேட்டை ஓயவில்லை. வேட்டைக்காரர்கள் அடிக்கடி நுழையும் பக்கம் அவை போகாதபடி மனிதப் பேச்சை ஒலிக்கவிட்டு விலக்கி வைக்க முடியுமா என்று ஸானெட் குழு பார்த்துவருகிறது.


வணக்கம்.