எஸ்யூவைக் கழற்றுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய எம்ஜிபி கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எப்படியும் கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவியில், வந்து நிற்கும். "எஸ்யூவைக் கழற்றிவிட்டு வெபர் போட்டுவிடலாமா?" எஸ்யூ என்பது எம்ஜிபியோடு ஜோடியாக வந்த கார்புரேட்டர்; வெபர் வேறொரு கம்பெனியின் கார்புரேட்டர். மாற்றிப் பார்க்கும் அந்த ஆசை என்னையும் பிடித்து ஆட்டியிருக்கிறது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. இன்ஜின் 1798 சிசி. நம் பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினுக்குக் கூடப்பிறந்த தம்பி; இரண்டும் பி-சீரிஸ் குடும்பம்தான்.

எஸ்யூ வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆவி முட்டும்போது இட்லிப் பானை மூடி தூக்கிக்கொடுக்கும் அல்லவா, அதுபோல இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, உள்ளே ஒரு பிஸ்டன் அவ்வளவு மேலே ஏறும். அதன் அடியில் நுனி மெலிந்த ஊசி ஒன்று இருக்கிறது. ஊசி ஏற ஏற, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் இடைவெளி கூடி, பெட்ரோலும் கூடும். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பத்துக்குச் செருப்பு வியாபாரம். ஆரம்பத்தில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் வைத்தார்களாம்!

சரி, என் கதைக்கு வருகிறேன். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, இன்ஜின் வேகம் ஏறி இறங்கித் தடுமாறியது. வெபருக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குமுன், கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான திராட்டில் ஸ்பிண்டிலை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தளர்ந்த பல்லைப்போல் ஆடியது! அந்த இடுக்கு வழியே காற்று புகுந்தால் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை. பிஸ்டன் சட்டென்று ஏறிவிடாமல் பிடித்துவைக்கும் டேம்பரின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஏன் திக்கியது என்பது அப்போதுதான் புரிந்தது. புது ஸ்பிண்டில், அதைத் தாங்கும் புது புஷ், கொஞ்சம் எண்ணெய். வெபர் பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை.

வெபரைக் குறை சொல்லவில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் எல்லாம் மாற்றிப் பந்தயத்துக்குத் தயாரான இன்ஜினுக்கு வெபரின் 45 டிசிஓஇ மாடல் அருமையான சாமான். ஆனால் எம்ஜிபியில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து கலவை உள்ளே போகும் இன்லெட் வாசல் இரண்டுதான். ஹெட்டில் கை வைக்காமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால், சத்தம் கூடும் அளவுக்கு வேகம் கூடாது. வெபரின் சோக் (காற்றுக் குழல்), ஜெட் அளவுகளைப் பொருத்தவே தனியாகச் செலவு. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், எழுபதுகளின் பாதியில் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரோடு அமெரிக்கா போன வண்டிகளைச் சொல்லலாம். அவற்றுக்கு இரட்டை எஸ்யூவே பெரிய முன்னேற்றம்.

கடைசியாக இரண்டு எஸ்யூவையும் ஒத்துப்போக வைக்கும் வேலை. முதலில் தீப்பொறி தரும் பிளக், பாயின்ட், அதன் டைமிங் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். கார்புரேட்டர்மேல் விழும் பழியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயருகில். 'ஸ்ஸ்' என்ற சீறல் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். எனக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். குழாயை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுவிட்டு, "பின்னால இருக்கறது கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். அதன் ஐட்லிங் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். "இப்போ சரி" என்று குழாயை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.