கவர் இருக்கட்டும், முதலில் காலைக் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிசியோதெரபி பார்க்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் பலர், உட்காருவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. படம் இருக்கிற பெரிய கவரை மேசைமேல் வைத்துவிட்டு, "எல் 4, எல் 5 டிஸ்க் விலகிடுச்சு சார், ஆபரேஷன்தானா?" என்று கேட்பார்கள். எல் 4, எல் 5 என்பது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகள். கேட்கும்போதே குரல் உடைந்துவிடும். நான் அவர்களிடம் சொல்வது, கவர் இருக்கட்டும், முதலில் காலைக் காட்டுங்கள் என்பதுதான்.

'விலகிடுச்சு' என்ற சொல்தான் பாதி பயத்துக்குக் காரணம். நம் முதுகுத்தண்டில் 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மேலேயும் கீழேயும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது, அது எங்கேயும் நழுவிப் போவதில்லை. சுற்றிலும் கெட்டியான நார் வளையம், நடுவில் கூழ் மாதிரி ஜவ்வு, அவ்வளவுதான் டிஸ்க். அந்த வளையம் கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி, பக்கத்தில் இறங்குகிற நரம்பை அழுத்துகிறது, நரம்பும் அழற்சியால் வீங்கிக்கொள்கிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருந்தாலும் பின்தொடை, கெண்டைக்கால், பாதம் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்று இழுக்கிறது. இதைத் தட்டி உள்ளே தள்ளிவிடலாம், ஏறி மிதித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள்.

கூழைத் தள்ள வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை. வெளியே வந்த அந்தக் கூழை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து, வெள்ளணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது என்னவென்றால், படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் அதிகம் கரைகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், தனியாகத் துண்டு விழுந்த கூழ் 96 சதவீதம் பேருக்குச் சுருங்கியிருந்தது, லேசாகப் பிதுங்கியது 41 சதவீதம் பேருக்குத்தான். அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பு, வலியே இல்லாதவர்களை மட்டும் பார்த்தது. அதில் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. அதாவது படத்தில் தெரிகிறது என்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. காலில் எந்த இடத்தில் இழுக்கிறது, எங்கே மரத்துப்போகிறது, குதிகாலில் நடக்க முடிகிறதா, நுனிக்காலில் நிற்க முடிகிறதா, இதெல்லாம் படத்தோடு பொருந்த வேண்டும்.

சரி, முதல் ஆறு வாரம் என்ன செய்வது? டாக்டர் தரும் வலி மாத்திரை, பொறுக்க முடிகிற அளவு நடை, அப்புறம் உங்கள் உடம்புக்கு ஏற்ற பயிற்சி. வலி தாங்க முடியாமல் இருந்தால் ஓரிரு நாள் படுங்கள், அதற்குமேல் வேண்டாம், படுத்தே கிடந்தால் தசை இளைத்துப் போகும். டிராக்ஷன் போட்டு எடை கட்டித் தொங்கவிடுவதில் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குந்தி உட்காரும் கழிப்பறை இந்தச் சமயத்தில் பெரும் சித்திரவதை, கொஞ்ச நாளைக்கு நாற்காலி மாதிரி உட்காருகிற வசதி செய்துகொள்ளுங்கள். முதுகில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் வலியைக் குறைக்கும், அந்த இடைவெளியில் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிந்தால் அதுவே லாபம்.

ஆபரேஷனைக் கண்டு நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். மைக்ரோடிஸ்செக்டமி என்று சின்னக் கீறல் போட்டு, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்த பிரிவினருக்கு, காத்திருந்து பார்த்த பிரிவினரைவிடக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், காத்திருந்த பிரிவிலும் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே ஆபரேஷனில் முக்கியமாகக் கிடைப்பது வேகம். சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிகிறவர் காத்திருக்கலாம். தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவர் இரண்டு மாதமாகியும் நிற்க முடியவில்லை என்றால், அவரைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்று மட்டும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இந்த ஆபரேஷன் கால்வலிக்கு நன்றாகக் கேட்கும், வெறும் இடுப்புவலிக்கு அந்த அளவுக்கு உறுதி கிடையாது.

இனி, காத்திருக்கவே கூடாத நிலைமை. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட ஆரம்பித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதைவிட அவசரமானது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் ஒழுகுவது, மலம் அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போவது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கொத்தே நசுங்குகிறது என்று அர்த்தம், தாமதமானால் அந்த உணர்ச்சி திரும்பாமலே போகலாம். அந்த இடத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு, மகனிடம் கூடச் சொல்லாமல் இரண்டு நாள் கடத்திய ஓர் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது டிஸ்க் வலி இருந்தால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், 'சிறுநீர் சரியாப் போகுதா, அங்கே உணர்ச்சி இருக்கா' என்று. இல்லை என்று சொன்னால் நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108க்குப் போன் போடுங்கள்.