பில்லி ரைட்: முப்பது வயதில் கிடைத்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்துக் கால்பந்து அணிக்காக 105 ஆட்டங்கள் ஆடி, அவற்றில் 90 ஆட்டங்களுக்குத் தலைமை தாங்கிய பில்லி ரைட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் ஏமாந்த ஒரு கோலைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அந்தக் கோலுக்குப் பிறகுதான் அவருடைய ஆட்ட வாழ்வின் சிறந்த பகுதி தொடங்கியது என்பது என் கருத்து.

1924இல் அயர்ன்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்த ரைட், 1938இல் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் (சுருக்கமாக வுல்வ்ஸ்) கழகத்தில் மைதான வேலைக்குச் சேர்ந்தார். ஆள் குட்டை என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவே மேலாளர் பிராங்க் பக்லி எண்ணியிருந்தார். நல்லவேளையாக மனத்தை மாற்றிக்கொண்டார். போர் முடிந்து, 1946 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரில் இங்கிலாந்துக்காக முதன்முறையாக ஆடிய ரைட், 1948இல் அணித்தலைவரானார். மறு ஆண்டே தம் கழகத்துக்கு, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்று தந்தார்.

1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி விளையாட வந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியிடமும் அதுவரை சொந்த மண்ணில் தோற்றிராத இங்கிலாந்து, அன்று 6-3 என்ற கணக்கில் தோற்றது. மூன்றாவது கோலின்போது, கோல் முகப்பின் வலப்பக்கத்தில் பந்து ஹங்கேரி அணித்தலைவர் புஸ்காஸின் காலுக்கு வந்தது. ரைட் சறுக்கிப் பாய்ந்தார். புஸ்காஸ் இடது உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, ரைட் வெறும் புல்தரையில் வழுக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். அடுத்த நொடி பந்து வலைக்குள் இருந்தது. ஆனால், பின்வாங்கி ஆடிய ஹங்கேரியின் நடு முன்வரிசை ஆட்டக்காரர் ஹிடெகுட்டியைத் தொடர்ந்து போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் தற்காப்பு வரிசை முழுவதுமே அன்று தடுமாறிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டு, பழியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

தற்காப்பின் நடுவே நிற்கும் சென்டர் ஹாஃப் இடத்தில் ஆடிவந்த நீல் பிராங்க்ளின் 1950இல் கொலம்பியாவுக்குப் போய்விட்டதிலிருந்தே அந்த இடத்துக்கு நிலையான ஆள் இல்லாமல் இங்கிலாந்து திண்டாடி வந்தது. 1954 உலகக் கோப்பையில், பெல்ஜியத்துடன் நடந்த ஆட்டத்தில் அந்த இடத்தில் ஆடிய சிட் ஓவனுக்குக் காயம் ஏற்படவே, ரைட் வலப்பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. உயரமோ ஐந்தடி எட்டங்குலம். நெடிய முன்வரிசை ஆட்டக்காரர்களோடு எகிறி மோத வேண்டிய இடம் அது. பந்து எங்கே இறங்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, சரியான நேரத்தில் எம்பியதால் உயரக் குறை அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், சேறாகிக் கிடந்த தம் கழகத்தின் மோலினூ மைதானத்தில், புஸ்காஸ் ஆடிய ஹங்கேரியக் கழகமான ஹொன்வேட் அணியை அவர் மறுபடியும் சந்தித்தார். இடைவேளையின்போது 0-2 எனப் பின்தங்கியிருந்த வுல்வ்ஸ் 3-2 என வென்றது.

வுல்வ்ஸ் 1954, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டத்தை வென்றபோதும் தலைவர் அவரே. ஆட்ட வாழ்வு முழுவதிலும் அவரை எந்த நடுவரும் எச்சரித்துப் பெயர் எழுதிக்கொண்டதில்லை, வெளியேற்றியதுமில்லை. காலையே குறிவைத்துப் பாயும் தற்காப்பாளர்கள் மலிந்திருந்த காலத்தில் இதை நான் பட்டங்களுக்கும் மேலாக மதிக்கிறேன். இத்தனைக்கும் அவருடைய வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்ட விதி இடம் தரவில்லை. அந்த உச்சவரம்பு 1961இல்தான் நீங்கியது.

1959 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, உலகிலேயே முதல் ஆளாக 100 சர்வதேச ஆட்டங்களை எட்டினார். 1950 உலகக் கோப்பையில் அவர் தலைமையிலான அணி அமெரிக்காவிடம் 0-1 எனத் தோற்றுத் தலைகுனிந்திருந்தது. 1959 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் அதே அமெரிக்காவை 8-1 என வென்ற ஆட்டமே நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். ஆகஸ்ட் மாதம், அடுத்த பருவம் தொடங்கும் முன்னரே, கழக ஆட்டத்திலிருந்தும் அவர் விலகிக்கொண்டார்.